டெஸ்க்டாப் கிளவுட்டுக்குப் போன பின் உரிமம் மறுக்கப்பட்டால்: அறிகுறி வழியாகப் பிழை நீக்கும் முறை

இலங்கையின் ஹட்டனில் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு மின்வெட்டு நாள்தோறும் மணிக்கணக்காக நீண்டு, ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்காமல் போனபோது, எங்கள் சேர்வர் அறையில் ஓடிய 40 மெய்நிகர் டெஸ்க்டாப்புகளும் நின்றுபோயின. அவற்றோடு தோட்டங்களின் செக்ரோலும் (வேலைநாள் பதிவேடும்) சம்பளக் கணக்கும் நின்றன. அந்த அனுபவத்தின் பின்னரே எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு, அதாவது இணையவழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, மாற்றுவதென்று முடிவானது. பிராந்திய அலுவலக ஊழியர்களுக்கு, மைக்ரோசொப்டின் கிளவுட்டான அசூரில் கிடைக்கும் அசூர் வேர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் விண்டோஸ் 11 பதிப்பையும், தோட்டக் கிளாக்கர்மார் பயன்படுத்தும் சம்பள மென்பொருளுக்கு அதே கிளவுட்டில் விண்டோஸ் சேர்வர் 2022ஐயும் தெரிவுசெய்தோம். தரவுகளையும் கணினிகளையும் நகர்த்தும் வேலை எதிர்பார்த்ததைவிட இலகுவாக முடிந்தது. அதற்குப் பின்னர் வந்த ஏறக்குறைய எல்லாச் சிக்கல்களும் உரிமத்தில் இருந்தே வந்தன.

திரையில் தோன்றும் செய்தியை மட்டும் நம்பித் தேடத் தொடங்குபவர் தவறான திசையில் நெடுந்தூரம் போய்விடுவார் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மென்பொருள் உரிமம் ஒன்று ஓர் ஆளோடு கட்டப்பட்டிருக்கலாம், ஒரு கணினியோடு கட்டப்பட்டிருக்கலாம், அல்லது அந்தக் கணினி நிற்கும் இடத்தோடு கட்டப்பட்டிருக்கலாம். சேர்வர் அறையில் இம்மூன்றும் ஒன்றாகவே இருந்தபடியால் வேறுபாடு நமக்குத் தெரியவில்லை. கிளவுட்டுக்கு மாறும்போது ஆள் அப்படியே இருக்க, கணினியும் இடமும் மாறிவிடுகின்றன. ஆகவே எந்த முறைப்பாடு வந்தாலும், யாருக்கு நேர்ந்தது, எந்தக் கணினியில் நேர்ந்தது, மாற்றம் நடந்து எத்தனை நாளுக்குப் பின் நேர்ந்தது என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கீழே உள்ள பகுதிகள் அந்த விடைகளைக் கொண்டே பிரிக்கப்பட்டுள்ளன.

முதல் நாளிலேயே வேர்டும் எக்செலும் வேலை செய்ய மறுக்கின்றன

இதற்கு இரண்டு தோற்றங்கள் உண்டு. டெர்மினல் சேர்விசஸ் இயங்கும் கணினியில் இந்த ஒபிஸ் பிரதியைப் பயன்படுத்த முடியாது என்ற செய்தியோடு வேர்ட் மூடிக்கொண்டால், ஒபிஸ் தனியாள் கணினிக்கு நிறுவுவதுபோல நிறுவப்பட்டிருக்கிறது என்று பொருள். பலர் வந்துபோகும் கணினியில் அதனைப் பகிர்கணினி முறையில் நிறுவ வேண்டும். ஒபிஸை நிறுவும் கருவியான ஒபிஸ் டிப்ளோய்மென்ட் டூலின் அமைவுக் கோப்பில் 'ஷெயர்ட் கம்பியூட்டர் லைசன்சிங்' என்னும் பண்புக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்து மீண்டும் நிறுவுவதே நேரான வழி. ஏற்கெனவே நிறுவிவிட்டவர்கள், விண்டோஸின் அமைவுகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒபிஸின் கிளிக்-டு-ரன் கொன்பிகரேஷன் பகுதிக்குள் அதே பெயருடைய மதிப்பைப் பார்த்து, அது 1 ஆக இருக்கிறதா என உறுதிசெய்யலாம். இந்த முறையில் ஒருவர் எத்தனை கணினிகளில் நுழைந்தாலும், அவருக்குரிய 5 கணினி என்ற வரம்பில் அவை சேர்க்கப்படுவதில்லை.

மற்றைய தோற்றம் சற்று நுட்பமானது. வேர்ட் திறக்கும், ஆனால் பகிர்கணினி உரிமம் கிடைக்காதபடியால் பெரும்பாலான வசதிகள் முடக்கப்பட்டுள்ளன என்ற பட்டை மேலே தோன்றும். இங்கே நிறுவல் சரி. ஆளுடைய உரிமமே போதாது. மைக்ரோசொப்ட் 365 பிஸ்னஸ் ஸ்டாண்டர்ட் வைத்திருப்பவர் தம் மடிகணினியில் வேர்டை முழுமையாகப் பயன்படுத்தலாம், ஆனால் பகிர்கணினி முறையை அந்தத் திட்டம் அனுமதிப்பதில்லை. பிஸ்னஸ் பிரீமியமும், பெருநிறுவனத் திட்டங்களான ஈ3, ஈ5 ஆகியவையும் அனுமதிக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் ஒரே அறையில் அடுத்தடுத்து அமர்ந்திருந்த இருவரில் ஒருவருக்கு வேர்ட் முழுமையாக வேலை செய்தது, மற்றவருக்கு இந்தப் பட்டை தோன்றியது. இருவரும் தாம் நுழையும் கிளவுட் கணினிகளை மாற்றிப் பார்த்தபோது பிழையும் ஆளோடு சேர்ந்து இடம் மாறியது. இந்தச் சிறு சோதனையை எவரும் ஐந்து நிமிடத்தில் செய்யலாம். பிழை ஆளைத் தொடர்ந்தால் உரிமத் திட்டத்தையும், கணினியிலேயே தங்கினால் நிறுவலையும் பாருங்கள்.

மைக்ரோசொப்ட் 365 எஃப்3 திட்டத்தைக் குறித்து ஓர் எச்சரிக்கை. வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு அது மலிவாக இருப்பதால் பலரும் வாங்குகிறார்கள். கிளவுட் டெஸ்க்டாப்பில் நுழையும் உரிமை அதில் உண்டு. கணினியில் நிறுவும் வேர்ட், எக்செல் அதில் இல்லை. ஆகவே அவர் டெஸ்க்டாப்புக்குள் வருவார், எக்செல் மட்டும் மறுக்கும். பழுதென்று எதுவும் இல்லாதபடியால் தேடினாலும் கிடைக்காது. அவருக்கு உலாவியில் இயங்கும் எக்செல் போதுமா என்று கேட்டுவிட்டே மேல்திட்டத்தை வாங்குங்கள்.

ஒவ்வொரு காலையும் ஒபிஸ் புதிதாக உள்நுழையச் சொல்லிக் கேட்டால், பயனரின் சுயவிவரம் (அவருடைய அமைவுகளும் கோப்புகளும்) அவரோடு பயணிக்கவில்லை. பகிர்கணினி முறையில் உரிமத்துக்கான சிறிய டோக்கன் ஒன்று பயனரின் சுயவிவரத்துக்குள் எழுதப்படுகிறது. 30 நாள் செல்லுபடியாகும் அந்த டோக்கன், காலாவதி நெருங்கும்போது இணையத்தைத் தொட்டுத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இன்று ஒரு கணினியிலும் நாளை வேறொன்றிலும் இறங்கும் பயனருக்கு அது பின்தொடர்ந்து வரவேண்டுமானால், எஃப்எஸ்லொஜிக்ஸ் போன்ற மென்பொருள் ஒன்றின் வழியாகச் சுயவிவரத்தைத் தனிக் கொள்கலனில் வைக்க வேண்டும்.

நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது, ஒரு காலையில் எவராலும் நுழைய முடியவில்லை

இதைப் பற்றி விரிவாக எழுதவேண்டியது என் கடமை என்றே நினைக்கிறேன், ஏனெனில் இது வரும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல முடியும், இருந்தும் பலர் கணக்கிடுவதில்லை.

விண்டோஸ் சேர்வரில், பலரைத் தொலைவிலிருந்து நுழையவிடும் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட்டை நிறுவினால், உரிமச் சேர்வர் ஒன்று இல்லாமலே 120 நாள் அது எல்லோரையும் உள்ளே விடும். எங்கள் சம்பளச் சேர்வரில் முதலாவது கிளாக்கர் நுழைந்தது 2023 ஜனவரி 10ஆம் திகதி. ஜனவரி 10இலிருந்து 120ஆவது நாள் மே 10. எங்கள் தோட்டங்களில் 10ஆம் திகதி சம்பள நாள்.

அன்று காலை ஏழரை மணிக்குத் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் ஐயா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, சம்பளப் பட்டியல் அச்சடிக்கணும், இது என்னைய உள்ள விடமாட்டேங்குது. நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். நான் உடனே அதே சேர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். தடையின்றி நுழைய முடிந்தது. ஆகவே அவருடைய இணைய இணைப்பில்தான் பழுது என்று சொல்லி, ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். அவர் அதைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த தோட்டமும், அதற்கடுத்த தோட்டமும் அழைத்தன. நான் நுழைந்தது நிருவாக இணைப்பில். நிருவாகிகளுக்கென ஒதுக்கப்பட்ட இரண்டு இணைப்புகளுக்கு அந்த உரிமம் தேவையில்லை. அதனால் உரிமம் தீர்ந்துபோன சேர்வரும் நிருவாகிக்கு நலமாகவே தெரியும். இதுபோன்ற முறைப்பாடு வந்தால், சாதாரணப் பயனர் ஒருவரின் கணக்கிலேயே சோதியுங்கள். அந்த நாற்பது நிமிடத்தை நான் வீணாக்கியதற்கு, பிரட்டுக்களத்தில் (தொழிலாளர் கூடும் இடத்தில்) சம்பளத்துக்காகக் காத்து நின்றவர்களே விலை கொடுத்தார்கள்.

சோதிக்க வேண்டிய ஒழுங்கு இதுதான். செஷன் ஹோஸ்ட்டில் ரிமோட் டெஸ்க்டாப் லைசன்சிங் டயக்னோசர் என்ற கருவியைத் திறவுங்கள். எத்தனை உரிமங்கள் கிடைக்கின்றன, எந்த முறை அமைக்கப்பட்டிருக்கிறது என்று அது சொல்லும். பின்னர், கணினிகளுக்கு மொத்தமாக விதி வகுக்கும் குழுக் கொள்கையில் (குரூப் பொலிசி) இரண்டு அமைவுகளைப் பாருங்கள்: ஒன்று, எந்த உரிமச் சேர்வரை நாடவேண்டும் என்பது, மற்றது, உரிமம் பயனர் வாரியானதா சாதன வாரியானதா என்பது. முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பது மிகப் பரவலான தவறு. இரண்டும் சரியாக இருந்தும் டயக்னோசர் பூச்சியம் என்று காட்டினால், பதிப்புப் பொருத்தத்தைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓடும் உரிமச் சேர்வர், 2022 பதிப்பில் ஓடும் செஷன் ஹோஸ்ட்டுக்கு உரிமம் வழங்காது. உரிமச் சேர்வரும் உரிமமும் ஹோஸ்ட்டின் பதிப்பாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே. 2016 உரிமச் சேர்வரைச் சேர்வர் அறையிலேயே விட்டுவிட்டு, வி.பி.என். என்னும் பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக அது பதிலளிக்கும் என்று இருந்துவிட்டோம். எங்கள் உரிமங்களுக்கு, புதிய பதிப்புகளுக்கும் உரிமை தரும் சொப்ட்வெயார் அஷுரன்ஸ் என்ற ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தபடியால் புதிய பதிப்புக்கான உரிமை கையில் இருந்தது. கிளவுட்டிலேயே புதிய உரிமச் சேர்வர் ஒன்றை நிறுவி, மைக்ரோசொப்டின் உரிம மையத்தோடு பேசி, உரிமத் தொகுதியை அதில் மீளப் பதிந்துகொண்டோம். பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல்கள் அச்சாகத் தொடங்கின.

அந்த அஷுரன்ஸ் இல்லாத பழைய ரிமோட் டெஸ்க்டாப் உரிமங்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். விண்டோஸ் சேர்வரை அசூர் வேர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் செஷன் ஹோஸ்ட்டாக ஓட்டுவதானால், அஷுரன்ஸ் நடைமுறையிலுள்ள உரிமமோ, சந்தா வகை உரிமமோ தேவை. நிரந்தரமாக வாங்கியது என்பதால் எங்கும் கொண்டுபோகலாம் என்று நினைக்கக் கூடாது.

மணிக்கொரு தடவை பயனர் வெளியே தள்ளப்படுகிறார்

உரிமத்தில் சிக்கல் உள்ளது, 60 நிமிடத்தில் இணைப்புத் துண்டிக்கப்படும் என்ற செய்தியோடு இது வரும். சேர்வர் 2019 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு, எந்த டொமைனிலும் (கணினிகளையும் பயனர்களையும் மையமாக நிருவகிக்கும் வலையமைப்பிலும்) சேராமல் தனியாக நிற்க, அதற்குப் பயனர் வாரி உரிமம் அமைக்கப்பட்டிருக்கிறது. டொமைனில் சேருங்கள், முடியாவிட்டால் சாதன வாரி உரிமத்துக்கு மாறுங்கள். வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

திரையின் மூலையில் விண்டோஸைச் செயற்படுத்தச் சொல்லும் எழுத்து

இந்தப் பிழையில் ஆளுக்குச் சம்பந்தமில்லை. கணினி, தான் நிற்கும் இடத்தை நிரூபிக்க முடியாமல் நிற்கிறது. அசூரில் உள்ள விண்டோஸ் கணினிகள் விண்டோஸைச் செயற்படுத்தித் தரும் மைக்ரோசொப்டின் கே.எம்.எஸ். சேர்வரை 1688ஆம் போர்ட் வழியாகத் தொடர்புகொண்டு தம்மைச் செயற்படுத்திக்கொள்கின்றன. அந்தச் சேர்வர், அசூரின் பொது ஐ.பி. முகவரியிலிருந்து வரும் வேண்டுகோளுக்கு மட்டுமே பதில் தரும். இங்கேதான் நம்மைப் போன்ற அலுவலகங்கள் மாட்டிக்கொள்கின்றன. இணையப் பாவனையைக் கண்காணிக்க வேண்டும் என்று மேலிடம் கேட்பதால், கிளவுட் கணினிகளின் போக்குவரத்து முழுவதையும் வி.பி.என். வழியாக ஹட்டன் பயர்வோலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இணையத்துக்கு விடுகிறோம். வேண்டுகோள் அப்போது ஹட்டன் இணைப்பின் முகவரியோடு போய்ச் சேர்கிறது, மறுக்கப்படுகிறது. 074 என்ற இலக்கங்களில் முடியும் பிழை எண் தோன்றுகிறது.

முதலில் கணினி எந்தச் சேர்வரைத் தேடுகிறது என்று பார்க்க வேண்டும். நிருவாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை டிஎல்வி தெரிவோடு இயக்கினால் அது தெரியும். அங்கே உங்கள் பழைய அலுவலகச் சேர்வரின் பெயர் தோன்றினால், கணினியை உருவாக்கப் பயன்படுத்திய மூலப் படிமத்தோடு அந்த அமைவும் கிளவுட்டுக்கு வந்துவிட்டது. சிகேஎம்எஸ் தெரிவால் அதை அழித்துவிட்டு, அசூரின் கே.எம்.எஸ். சேர்வரைக் காட்டிக் கொடுங்கள். பெயர் சரியாக இருந்து தொடர்பு மட்டும் கிடைக்காவிட்டால், அந்த வலையமைப்பின் ரவுட் டேபிளில் (போக்குவரத்து போகும் வழிகளின் பட்டியலில்) 20.118.99.224, 40.83.235.53 என்ற இரு முகவரிகளுக்கும் அடுத்த தாவல் இணையம் என்று தனி வழி எழுதுங்கள். அந்த இரு முகவரிகளுக்கு மட்டும் போக்குவரத்து நேராகப் போகும். மேலிடத்தின் கண்காணிப்புக்கு அதனால் குறைவில்லை என்பதை நான் எழுத்தில் விளக்கிய பின்னரே அனுமதி கிடைத்தது. பின்னர் ஏடிஓ தெரிவோடு அதே கட்டளையை இயக்கிச் செயற்படுத்துங்கள்.

இந்தப் பிழை உடனே வெளிப்படாமல் இருப்பதும் உண்டு. கே.எம்.எஸ். செயற்படுத்தல் 180 நாள் செல்லும். கணினி 7 நாளுக்கொரு தடவை புதுப்பிக்க முயலும். வழி அடைபட்டிருந்தாலும் பழைய செயற்படுத்தலின் மிச்சத்தில் கணினி மாதக்கணக்கில் அமைதியாக ஓடக்கூடும். ஆகவே பயர்வோலில் மாற்றம் செய்த ஒவ்வொரு தடவையும், மறுகிழமை ஒரு கணினியிலாவது புதுப்பிப்பு நடந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்பயனர் விண்டோஸ் 11ஐப் பரிசோதனைக்காகச் சேர்வர் அறையின் பழைய சேர்வரில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதே எழுத்து தோன்றும். அது பழுதன்று, அந்தப் பதிப்பை இப்படியான சாதாரணச் சொந்தச் சேர்வரில் வைத்து வேலைக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை.

எந்தப் பிழையும் இல்லை, மாதக் கட்டணம் மட்டும் கூடுதலாக வருகிறது

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதைக் கண்ட எங்கள் கணக்குப் பிரிவு, டொலரில் வரும் ஒவ்வொரு பட்டியலையும் வரி வரியாக வாசிக்கிறது. அவர்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். விண்டோஸ் உரிமத்தைச் சந்தாவில் ஏற்கெனவே செலுத்திக்கொண்டிருக்க, அதே உரிமத்துக்குக் கணினிக் கட்டணத்திலும் மணிக்கணக்கில் செலுத்திக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் லைசன்ஸ் டைப் என்ற பண்பு உண்டு. விண்டோஸ் 11 ஓடும் செஷன் ஹோஸ்ட்டுகளில் அது 'விண்டோஸ் கிளையன்ட்' என்று இருக்க வேண்டும். இருந்தால் கணினியின் அடிப்படைக் கட்டணம் மட்டுமே அறவிடப்படும். டெஸ்க்டாப் சேவையின் சொந்தப் படிமுறையால் உருவாகும் கணினிகளில் அது தானாக அமையும். படிமத்திலிருந்து கையால் உருவாக்கிப் பின்னர் சேர்க்கும் கணினிகளில் விடுபட்டுப்போகும். அதைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், பயனருக்கு இடையூறு இராது. ஆனால் கடந்த மாதங்களில் கூடுதலாகப் போனது தானாகத் திரும்பி வராது. அஷுரன்ஸ் உள்ள விண்டோஸ் சேர்வர் உரிமங்களுக்கும் ஹைபிரிட் பெனிஃபிட் என்ற பெயரில் இதையொத்த சலுகை உண்டு.

எல்லாம் ஓடுகிறது, உரிமை மட்டும் இல்லை

இந்த நிலைதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. அசூர் வேர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் பயனர் நுழையும்போது அவருக்கு விண்டோஸைப் பயன்படுத்தும் உரிமம் இருக்கிறதா என்று சேவை சரிபார்ப்பதில்லை. அந்தப் பொறுப்பை வாடிக்கையாளரிடமே விட்டிருக்கிறது. பிஸ்னஸ் ஸ்டாண்டர்ட் உடையவரும் நுழைவார், ஒபிஸ் 365 ஈ3 மட்டும் உடையவரும் நுழைவார். இரண்டிலும் விண்டோஸ் உரிமை இல்லை. மைக்ரோசொப்ட் 365 ஈ3 வேறு, ஒபிஸ் 365 ஈ3 வேறு என்பதைப் பட்டியலில் ஒரு சொல் வித்தியாசமாகவே காண்பீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள்தான் விண்டோஸ் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் நுழையும் பயனர்களின் பட்டியலையும் ஒதுக்கப்பட்ட உரிமங்களின் பட்டியலையும் இரண்டு எக்செல் தாள்களாக இறக்கி, மின்னஞ்சல் முகவரியை வைத்து ஒப்பிடுங்கள். எங்கள் ஒப்பீட்டில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

வேறு கிளவுட்டைத் தெரிவுசெய்பவர்கள் இன்னொரு திகதியையும் நினைவில் வைக்க வேண்டும். 2019 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து வாங்கப்பட்ட, அஷுரன்ஸும் இடமாற்ற உரிமையும் இல்லாத மைக்ரோசொப்ட் உரிமங்களை அமேசன், கூகுள், அலிபாபா ஆகியவற்றின் தனியொதுக்கீட்டுச் சேர்வர்களிலும், அசூரின் அத்தகைய சேர்வர்களிலும் பயன்படுத்த முடியாது. வாங்கிய பட்டியலின் திகதியைப் பாராமல் இடமாற்றத் திட்டம் எழுதாதீர்கள்.

சம்பள மென்பொருள் மாதம் ஒரு தடவை உரிமத்தை இழக்கிறது

சிறு நிறுவனங்கள் எழுதிய சம்பள, கொழுந்துக் கணக்கு மென்பொருள்கள் பல, தாம் நிறுவப்பட்ட கணினியின் வலையமைப்பு அட்டை முகவரியைப் பார்த்தே உரிமத்தை ஏற்கின்றன. கிளவுட்டில் ஒரு வலையமைப்பு அட்டை இருக்கும் வரை அதன் முகவரி பொதுவாக மாறாது. ஆனால் மாதந்தோறும் புதிய படிமத்திலிருந்து செஷன் ஹோஸ்ட்டுகளை அழித்து மீள உருவாக்கும் வழக்கம் உள்ள இடத்தில், முகவரியும் மாதந்தோறும் புதிதாகும். முறைப்பாடு வரும் நாளையும் படிமம் மாற்றிய நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். உரிமம் வழங்கும் பகுதியை மட்டும், ஒருபோதும் அழிக்கப்படாத ஒரு சிறிய தனிக் கணினிக்கு மாற்றுவதே தீர்வு. அதை உருவாக்கிய பின்னர், அதன் முகவரியைக் கொடுத்து விற்பனையாளரிடம் உரிமத்தை ஒரு தடவை மீளப் பெற வேண்டும்.

உரிமம் யூ.எஸ்.பி. சாவியில் இருந்தால் வேலை கடினம். எங்களுடையது விரல்நுனி அளவான பச்சைச் சாவி, பழைய சேர்வரின் பின்பக்கம் செருகப்பட்டு, யாரும் பிடுங்கிவிடாதபடி நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. கிளவுட்டில் அதைச் செருக இடமில்லை. ஒருவருடைய கணினியில் செருகி அவருடைய இணைப்புக்குள் மட்டும் கடத்தலாம், ஆனால் அவர் வீட்டுக்குப் போனால் சாவியும் போய்விடும். மென்சாவி (சாவிக்குப் பதிலாக மென்பொருள் வடிவிலான உரிமம்) தரும்படி விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் உடன்படிக்கை கிளவுட்டில் பயன்படுத்த இடம் தருகிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதில் வர எங்களுக்கு ஆறு கிழமை எடுத்தது. அதுவரை ஹட்டன் அலுவலகத்தில் ஒரு சிறிய கணினியில் சாவியைச் செருகி, யூ.பி.எஸ். ஒன்றோடு வைத்து, வி.பி.என். வழியாகக் கிளவுட் சேர்வருக்கு உரிமத்தை வழங்கச் செய்தோம். மென்சாவி வந்த பின்னரும் ஒரு முழுச் சம்பள மாதம் ஓடி முடியும் வரை அந்தக் கணினியை நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள்.